மூடித் தண்ணீர்

"வயிறு நிறையத் தண்ணி குடிச்சுட்டுச் செத்தாலும் பரவாயில்ல சிஸ்டர், இந்தத் தாகத்தோட என்னால பிழைக்க முடியாது. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

ரொட்டிக்கடை மாஸ்டர் போட்ட சத்தத்தில் டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்புக் கூடமே திரும்பிப் பார்த்தது. இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்ட ஆள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாஸ்டரோ நேற்று ரொட்டி அடுப்புச் சூட்டில் பொறுக்க முடியாமல் நேராகப் போய்க் குழாயில் வாயை வைத்துவிட்டார். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்க நின்றார்.

"நீங்க குடிச்சதெல்லாம் நுரையீரல்ல போய்ச் சேர்ந்தா ஆளையே தூக்கிடும். அப்புறம் உங்க இஷ்டம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அண்ணாந்து குடிச்சா அடங்காது மாஸ்டர். மூடியில குடிக்கணும்."

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஒட்ட வெட்டிய நரைத்த தலை, வற்றிப்போன உடம்பு, நிமிர்ந்த முதுகு. பார்த்தவுடனே பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தது. பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி. பட்டாளத்துக்காரரின் மடியில் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில் இருந்தது. தகர மூடியில் கொஞ்சம் ஊற்றி, உதட்டை நனைத்து, வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினார்.

மாஸ்டர் நின்றார். "நீங்களும் நம்ம கட்சிதானா?"

"மூணு வருஷமா இதே மூடிதான்."

"மூணு வருஷமா! எனக்கு மூணு வாரத்துலயே நாக்கு தள்ளிப்போச்சு. எப்படிங்க முடியுது?"

"சண்டை நடந்த சமயத்துல பாலைவனத்துல ரோந்து போனவன் நான். உட்காருங்க, சொல்றேன்."

"உட்காராதீங்க" என்றாள் மனைவி சிரித்தபடி. "ஆரம்பிச்சார்னா நம்ம வாயிலயும் மணல் விழும்."

மாஸ்டர் உட்கார்ந்தார்.

"தண்ணி வந்தா முதல்ல ஜீப்புக்குத்தான். வண்டி நின்னுட்டா எல்லாருக்கும் சங்குதான். அப்புறம்தான் மனுஷனுக்கு. வெயில்ல துப்பாக்கியைத் தொட்டா கை பொத்துப்போகும். தூரத்துல ஏரி மாதிரி பளபளன்னு தெரியும், போனா வெறும் மணல். நாக்கு ஒட்டிக்கிட்டா சட்டைப் பொத்தானைப் பிய்ச்சு நாக்குக்கு அடியில போட்டுக்குவோம். எச்சில் ஊறும்."

மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார். பட்டாளத்துக்காரரின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை.

"இன்னும் ஒரு வாய் குடிங்களேன்" என்று மனைவி அவர் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். "உதடு வெடிச்சுக் கிடக்கு."

"வேண்டாம்."

"குடிச்சா என்ன குடி முழுகியா போயிடும்?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டிய பெண்டாட்டியே இப்படி ஆசை காட்டினால் நோயாளி உருப்படுவது எப்படி? தன் பெண்டாட்டியாக இருந்தால் குழாய்க்கே பூட்டுப் போடுவாள். வாயைத் திறந்து கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்று அடக்கிக்கொண்டார்.

பட்டாளத்துக்காரர் அசையவில்லை. "ஒரு தடவை எங்க டிரைவருக்கு வயித்துல குண்டு பட்டுடுச்சு. வயித்துல பட்டவனுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாது. உதடு நனைய ஒரு மூடி, அவ்வளவுதான். எங்ககிட்ட பாட்டில் நிறையத் தண்ணி இருந்துச்சு. ஆனா முகாமுக்கு வந்து சேர்ற வரைக்கும் எவனும் அண்ணாந்து குடிக்கல. அவனுக்கு ஒரு மூடின்னா எங்களுக்கும் ஒரு மூடி."

"பிழைச்சாரா?"

"பிழைச்சான். 'உங்கள்ல ஒருத்தன் குடிச்சிருந்தாலும் பாட்டிலைப் பிடுங்கி நானும் குடிச்சுட்டுப் போய்ச் சேர்ந்திருப்பேன்'னு பின்னாடி சொன்னான்."

இந்த வயதில், இந்த உடம்போடு, பக்கத்திலேயே ஆசை காட்டும் பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் தாக்குப்பிடிக்கிறார். நமக்கு என்ன கேடு? மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு வீம்பும் வந்தது.

பையைக் கீழே வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தார். பட்டென்று கையோடு வந்தது. துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர்! நான் எங்கேயும் போகல. என் படுக்கையை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க!"

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நல்ல புத்தி வந்துச்சே! உங்க முறை அடுத்தது. இப்போ நாலாம் படுக்கை வரலாம்."

பட்டாளத்துக்காரர் எழுந்தார்.

"தைரியமாப் போய்ட்டு வாங்க ஐயா" என்று மாஸ்டர் அவர் கையைப் பற்றினார்.

அவர் அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மனைவியைத் தோளில் தாங்கி எழுப்பினார். போர்வையை வாங்கி மடித்தார். அவளுடைய இடது கையில், ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்போது அவள் திரும்பினாள்.

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. நான் உள்ளே இருக்கிற நேரத்துலயாவது இவரை வயிறாரத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. உடம்புல ஒரு கோளாறும் இல்லாத மனுஷன்!"

பட்டாளத்துக்காரர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டிலின் மூடியை இறுகத் திருகி மூடினார்.