தீராத சிலிண்டர்

"என்னங்க, துரை இந்த வருஷம் வரவே மாட்டாரா?"

மனைவி கேட்டதும் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது.

துரை என்பது அவருடைய தலைவலியின் பெயர். டாக்டர் அதைக் கொத்துத் தலைவலி என்றார். வந்தால் வாரக்கணக்கில் தினமும் வரும், ஒரே நேரத்துக்கு, ஒரே கண்ணுக்குப் பின்னால். கண்ணில் நீர் கொட்டும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. இவ்வளவு நேரம் தவறாமல் வருகிறவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று மனைவிதான் அந்தப் பெயரை வைத்தாள்.

"என்னை மறந்துட்டார்னு நினைக்கிறேன். நீ பாட்டுக்கு ஒத்திகைக்குப் போ."

"மழைக்காலம் வந்தா மதியம் டான்னு வந்து நிப்பாரே. இப்ப வெயிலே வந்தாச்சு."

"அவருக்கும் வேற ஊருக்கு மாத்தலாகியிருக்கும்."

"சரி, வீட்டுக்குள்ள எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?"

"புது மாடல்மா. நானே போட்டுப் பார்க்காம எப்படி விக்கிறது?"

அவர் சொன்னதெல்லாம் முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். துரை வந்துதான் இருந்தார். ஷிஃப்டைத்தான் மாற்றிக்கொண்டுவிட்டார். மழைக்காலம் போய் வெயில்காலம், மதியம் போய் மாலை ஏழு மணி, இடது கண் போய் வலது கண். திடீரென்று பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் வலி இது என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஏழடித்ததும் கடையின் பின்னறைக்குள் போய், இந்த வலிக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்து மூலையில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கை மாட்டிக்கொள்வார். குழாய் எட்டுகிற தூரத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். போன உயிர் திரும்பி வந்ததும், சிவந்து வீங்கிய கண்ணுக்கு மேல் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடையில் கூட்டம் என்று சொல்லியபடி வீட்டுக்கு வருவார்.

இத்தனை நாடகமும் ஒரு நாடகத்துக்காகத்தான். மனைவிக்கு நூலகத்தில் வேலை. ஊழியர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு நாடகம் போடுவார்கள். இரண்டு முறை அவளுக்கு முக்கிய வேடம் கிடைத்தது. இரண்டு முறையும் துரை வந்து கெடுத்தார். "நீங்க இங்க துடிச்சிட்டிருக்க, நான் அங்க வசனம் பேசணுமா?" என்று வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த வருஷம் ராஜா வேடம், மீசை கிரீடத்தோடு. மூன்றாவது முறையும் அவள் ஆசையில் மண்ணைப் போட்டால் தான் மனுஷனே இல்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அதிர்ஷ்டமும் அவர் பக்கம் இருந்தது. வழக்கமாக வாரத்துக்கு ஒரு சிலிண்டர் காலியாகும். இந்த முறை வாரங்கள் ஓடியும் தீரவில்லை. எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள்ளைப் பார்க்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. வலிக்கிறபோது எவன் முள்ளைப் பார்ப்பான்? "நீ சிலிண்டரா, அட்சய பாத்திரமா?" என்று அதைத் தட்டிக் கொடுப்பார்.

திங்கட்கிழமைதான் கொஞ்சம் கவனம் தேவைப்பட்டது. அன்று நூலகத்துக்கு விடுமுறை. அவர் லென்ஸ் வாங்கப் போகும்போது மனைவிதான் கடையைப் பார்த்துக்கொள்வாள். அதனால் சிலிண்டரின் மேல் ஒரு பழைய துணியைப் போர்த்தி, நாலா பக்கமும் இழுத்துச் செருகிவிட்டுத்தான் கிளம்புவார்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. நாடகம் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்து நழுவிவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி சலிப்போடு வந்தாள்.

"நாடகத்தைக் காலையில பதினொரு மணிக்கு மாத்திட்டாங்க. சாயங்காலம் ஹால்ல கரண்ட் இருக்காதாம், ஏதோ ரிப்பேராம்."

"அடடா, பாவமே," என்று முகத்தைத் தொங்கப்போட்டவர், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் ஓர் ஆட்டம் போட்டார்.

ஞாயிறு காலை முன்வரிசையில் நடுநாற்காலி அவருக்கு. ராஜா நள்ளிரவில் நகர்வலம் வருகிற கதை. ஜன்னல் வழியாக மேடையில் வெயில் கொட்டியது. ராஜா விளக்கைத் தூக்கிப் பிடித்து, "என்ன கும்மிருட்டு, என் கையே எனக்குத் தெரியவில்லையே," என்றதும் அரங்கம் குலுங்கியது. மந்திரியாக வந்த தலைமை நூலகர் கண் கூச, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிலாவைத் தேடினார். ராஜா அசரவில்லை. கடைசிக் காட்சியில் சிரித்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைக்காரருக்கு இரண்டு கண்ணிலும் நீர் வந்தது. அது துரையின் வேலை இல்லை.

மேடைக்குப் பின்னால் ஓடினார். "பிரமாதம்மா. ராத்திரியில போட்டிருந்தா இன்னும் எங்கேயோ போயிருக்கும். கரண்ட்காரங்க கெடுத்துட்டாங்க."

ராஜா ஒட்டுமீசையைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

"கரண்டுக்கு ஒண்ணும் ஆகலைங்க. துரை இப்ப ஏழு மணிக்கு வர்றார்னு சொன்னேன், எல்லாருமா பகல்லயே போட்டுடுவோம்னுட்டாங்க," என்றாள். "அப்புறம், நாளைக்குத் திங்கக்கிழமை, அந்தத் துணியை இழுத்து இழுத்துச் செருகாதீங்க, வாரா வாரம் சிலிண்டரை மாத்திட்டு, அதை அதே மாதிரி திரும்பச் செருகுறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுது."