நாலு ஜிபியின் வயிற்றெரிச்சல்

எட்டு வருடமாக அந்தக் கம்ப்யூட்டரில் நாலு ஜிபி மெமரிதான் தனிக்காட்டு ராஜா. ஒருநாள் பக்கத்து இடத்தில் புத்தம் புதிய பதினாறு ஜிபி வந்து உட்கார்ந்தது.

"வணக்கம் அண்ணே!" என்றது புதுசு.

"வந்துட்டாரு பெரிய மனுஷன்!" நாலுக்கு வயிறு எரிந்தது. புதுசு வேலையைத் தொடும்போதெல்லாம் நாலு வேண்டுமென்றே குழப்பியது. திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பழி புதுசின் தலையில்தான் விழும் என்று நாலு காத்திருந்தது.

பழுதுபார்க்க வந்த அற்புதமேரி நாலைக் கழற்றிவிட்டு, புதுசை மட்டும் வைத்து ஓட்டினார். கம்ப்யூட்டர் சிட்டாகப் பறந்தது.

"ரெண்டுக்கும் ஒத்துப்போகலை போல" என்றவர், அழிரப்பரால் நாலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் செருகினார்.

அங்கே ஏற்கெனவே ஓர் இரண்டு ஜிபி இருந்தது.

"வணக்கம் அண்ணே!" என்றது நாலு, பணிவாக.

இரண்டு ஜிபி அதை ஏற இறங்கப் பார்த்தது. "வந்துட்டாரு பெரிய மனுஷன்!"

மறுநிமிடமே திரை நீலமானது.