பூங்காவனத்தின் கதவு

குடியிருந்த வாடகை வீட்டை இடித்தபோது பூங்காவனம் கதவை மட்டும் நிலையோடு கேட்டு வாங்கிக்கொண்டாள். வயதான தனிக்கட்டைக்கு வேறு வீடு தர யாருக்கும் மனம் வரவில்லை. "திடீர்னு போய்ச் சேர்ந்துட்டா?" என்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே கவலையாகக் கவலைப்பட்டார்கள். போய்ச் சேர்வதற்கு முன்னால் எங்காவது கொஞ்சம் இருக்க வேண்டாமா என்பது அவள் கட்சி. மேம்பாலத்தடியில் ஒரு தூணோடு நிலையைக் கட்டி நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பின்னால் படுத்தாள். கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போகும்போது பூட்டிக்கொண்டு போனாள்.

"சுவரே இல்ல, எதைக்கா பூட்டுற?" என்று பூக்காரி சிரித்தாள்.

"சுவர் வர்ற அன்னிக்குப் பூட்ட மறந்துடக் கூடாதுல்ல."

வீடற்றோர் காப்பகத்துக்கு அழைத்துப்போக வந்த அதிகாரி ஜெசிந்தா, கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம்; என்ன தோன்றியதோ, தட்டினாள். பூங்காவனம் "யாரது?" என்று கேட்டு, கொண்டையை முடிந்துகொண்டு, நிதானமாகத் திறந்தாள். காப்பகத்தில் உள்தாழ்ப்பாள் உண்டா என்று விசாரித்தாள். பெரிய கூடம், எல்லோரும் வரிசையாகப் படுப்பது என்றதும், "அப்போ அது பஸ் ஸ்டாண்டு, கண்ணு" என்று மரியாதையாகச் சாத்திக்கொண்டாள்.

சில மாதம் கழித்து ஜெசிந்தா மறுபடியும் தட்டினாள்.

"ஏரிக்கரை அரசுக் குடியிருப்புல உங்க பேருக்கு ஒரு வீடு வந்திருக்கும்மா. ஆனா..." சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "ரொம்ப நாளா காலியா கிடந்துச்சா, கதவை எவனோ நிலையோட பேர்த்துட்டுப் போயிட்டான்."

பூங்காவனம் அதற்குள் தூணிலிருந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

"அளவு சரியா வரணுமேம்மா?"

"வரலைன்னா சுவரைக் கொத்திக்கலாம். நீ அந்தப் பக்கம் பிடி."