சிவப்பு மை

"பேர் கூப்பிடற வரைக்கும் இலையில கை வைக்கப்படாது. இங்க அதான் ரூல். எங்காத்துக்காரர் சுந்தரம் பேர் வந்தப்புறம்தான் எனக்கும்" என்றாள் பக்கத்து இலை மாமி.

எனக்குப் பசியே போய்விட்டது.

எங்கள் ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை யாரோ பழைய பேப்பர்காரனிடமிருந்து மீட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மாணவர் விருந்தில் வருஷா வருஷம் எங்கள் வகுப்பு ஜம்புநாதன் அதைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவானாம்.

அந்த ஒன்பதாம் வகுப்பை நான் முடிக்கவில்லை.

பூஜை விடுமுறை முடிந்த வாரம் அம்மா படுத்த படுக்கையானாள். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று தம்பிகளுக்குச் சோறு வடிக்க நான் நின்றுவிட்டேன். பதினைந்து நாள் தொடர்ந்து வராதவர்கள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது பள்ளி வழக்கம். அடித்த பெயரை யார் கூப்பிடப்போகிறார்கள்?

புத்தி வேண்டாமா எனக்கு? இருபது வருஷம் கழித்துக் கணவரின் மாற்றலில் கல்கத்தா திரும்பி, லேக் கார்டன்ஸில் பெட்டி பிரிப்பதற்குள் விருந்து என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறேன்.

நான் நுழையும்போதே லோட்ஷெடிங். கூடம் முழுக்க இருட்டு. ஜம்புநாதன் முன்னால் மட்டும் ஒரு மெழுகுவர்த்தி.

ஆங்கில எழுத்து வரிசையில் கூப்பிட்டான். 'ஏ'யும் 'பி'யும் ரசத்துக்குப் போய்விட்டார்கள். 'வி'யில் பிறந்த பாவத்துக்கு என் அப்பளம் நமத்துக்கொண்டிருந்தது.

"கோமதி!"

"பிரசென்ட் சார்!"

எதிர் வரிசைக் கோடியிலிருந்து கனத்த குரல். வாயில் ஏதோ இருந்தது. கூப்பிடும் முன்பே கை வைத்துவிட்டாள், கள்ளி. அந்த நாளில் என் பெஞ்சில் பக்கத்து இடம் அவளுடையது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் முதலில் என் பெயர் வரட்டும்.

சுந்தரம் வந்தது. மாமி சாதத்தைப் பிசைந்தாள். உத்தமன் வந்தது.

அடுத்து வீரராகவன் என்றால் எழுந்து போய்விடுவது. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

"வத்சலா!"

பெயர் இருக்கிறது! நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பிரசென்ட் சார்."

மெல்லிய, மூக்கடைத்த சிறுமிக் குரல். எப்போதும் சளியோடு அலைந்த என் பதினான்கு வயதுக் குரல். எதிர் வரிசைக் கோடியிலிருந்து வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜம்புநாதன் தலை நிமிராமல் "வீரராகவன்!" என்றான். எங்கள் வகுப்பு வாத்தியாரும் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்ந்ததே இல்லை.

பதினைந்து நாள் ஆகவே விடவில்லை கோமதி. பரீட்சை வரைக்கும் எனக்கும் சேர்த்துப் பிரசென்ட் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு விருந்திலும்.

இலையில் கை வைத்தேன்.

"அவசரப்படாதீங்கோ. உங்காத்துக்காரர் பேர் இன்னும் வரலையே?" என்றாள் மாமி.

"என் பேர் வந்துடுத்து" என்றேன்.