பட்டத்து ராணிக்கு வசனம்

பதினோரு மணிக்குள் பட்டத்து ராணியைக் கெட்டவளாக்கிவிட வேண்டும்.

சேனலின் உத்தரவு. மூன்று வாரமாகத் தொடரைப் பார்க்கிற ஆள் குறைகிறது. வில்லி இல்லாத ராஜா கதையை எவன் பார்ப்பான் என்று கேட்டார்கள். இருப்பவர்களில் வேலை வெட்டி இல்லாமல் நிற்பவள் ராணிதான். அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

தொடரின் வசனகர்த்தாவான அவள், மேக்கப் அறையில், சவுரிமுடிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினாள். பக்கம் முடிய முடிய உதவி இயக்குநர் உருவிக்கொண்டு போனார். இருநூற்றுப் பத்து எபிசோடாக இதே பிழைப்பு. மனசு வலிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

இன்று வலித்தது.

தொடருக்கு மூலமான நாவல் அவள் அப்பாவுடையது. எண்ணூறு பக்கம். அதில் ராணி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். மன்னன் போருக்குப் போவான், வருவான், வரும்போது இன்னொருத்தியையும் கூட்டி வருவான். ராணி கோட்டை வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்பாள். பொண்ணு பொறுமை கற்றுக்கொள்ளட்டும் என்று அந்தப் புத்தகத்தைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தவர்கள் உண்டு.

அந்த ராணி என் மனைவிதான் என்று அப்பா மேடைக்கு மேடை சொல்வார். கூட்டம் கைதட்டும். அவருக்குப் போட்ட பொன்னாடைகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் அம்மா சிரிப்பாள்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

அம்மா, நாள் பார்த்ததுபோல், இன்றைக்கென்று ஷூட்டிங் பார்க்க வந்திருக்கிறாள்.

மானிட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எழுத்தாளர் வீட்டம்மா என்று டீ கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு நாள் வா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இப்போது அம்மாவை, அம்மா கண்முன்னாலேயே, ஊரே திட்டப்போகிற பொம்பளையாக்க வேண்டும். பெற்ற மகள் செய்கிற காரியமா இது.

வேடிக்கை என்னவென்றால், எழுத்து வந்தது. ஒரு வசனத்துக்கு மூன்று டீ குடிப்பவள் இருபது நிமிடத்தில் நான்கு பக்கம் எழுதிவிட்டாள். ஓர் அடித்தல் இல்லை. அதை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பிளைவுட் கோட்டை தயார். வெளியே, தோளில் கட்டோடு போரிலிருந்து திரும்பிய மன்னன். மதில் மேல் ராணி, கையில் ஆரத்தித் தட்டு. பிராம்ப்டர் கீழே நின்று வரி வரியாக எடுத்துக் கொடுத்தார்.

ராணி தட்டைக் கவிழ்த்தாள். ஆரத்தித் தண்ணீர் மதில் வழியே சிவப்பாக இறங்கியது.

"இருபது வருடம் இந்த வாசலில் உமக்காக நின்றேன். உட்கார் என்று ஒரு நாள் சொன்னீரா? கதவு திறக்காது, அரசே. இனி நீர் நில்லும்."

எழுதியவள் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. தரையில் ஓடிய ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்.

யாரோ கைதட்டினார்கள். சேனல்காரர் கட்டை விரலை உயர்த்தினார்.

நாற்காலி நகர்ந்தது. அம்மா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

மன்னிப்புக் கேட்க மகள் வாயெடுத்தாள். அதற்குள் அம்மா தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தாள். அப்பா எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் விழாமல் பேசிப் பழகிய அதே அடிக்குரல்.

"இன்னொரு தடவை எடுக்கச் சொல்லும்மா. அவளைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லு."