மேஜைமேல் வைத்த மோதிரம்

"மோதிரத்தை மேஜைமேல கழட்டி வெச்சேன். இப்பக் காணோம்" என்றார் டீச்சர்.

இடைவேளை முடிந்து அப்போதுதான் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேலைக்குப் போகிறவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு. கூடப் படிக்கும் டிரைவர் கையிலிருந்த டீ கிளாஸ்கூட இன்னும் காலியாகவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

ஏனென்றால் அன்றைய பாடமே திருட்டு. அபேஸ், ஆட்டை, சுட்டுட்டான் என்று நாம் எதை வேண்டுமானாலும் எதற்கும் போடுவோம். இங்கிலீஷ்காரன் இடம் பார்த்து வார்த்தை வைத்திருக்கிறான். சத்தமில்லாமல் எடுத்தால் ஸ்டீல். மிரட்டிப் பிடுங்கினால் ராப். வீடு புகுந்தால் பர்கிள். கடையில் சுட்டால் ஷாப்லிஃப்ட். பையில் கைவிட்டால் பிக்பாக்கெட். எல்லாம் போர்டில் இருந்தது. அதற்குள் வீட்டுப்பாடம் செய்துவிட்டார்களே, யாரப்பா அந்தக் கெட்டிக்காரன்?

இடைவேளைக்கு முன்னால் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லியிருந்தோம். மளிகைக்கடைக்காரர் தன் கடையில் சோப்பு சுடுகிறவர்களைப் பற்றிச் சொன்னார். நான் பஸ்ஸில் என் வளையலைப் பிக்பாக்கெட் அடித்த திருடனைச் சொன்னேன்.

"கையில போட்டிருந்த வளையலை எப்படிங்க பிக்பாக்கெட் அடிப்பான்?" என்று டீச்சர் கேட்டார்.

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மளிகைக்கடைக்காரரின் சட்டைப்பை இன்றைக்கென்று ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது? டிரைவர் டீயை வெளியிலேயே குடித்துவிட்டு வந்தால் என்ன? சந்தேகம் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூடத் தப்பாகத்தான் தெரிகிறது.

"நான் பார்த்தேன் மேடம். அந்த மூலைல மின்னிச்சு" என்றார் டிரைவர்.

மளிகைக்கடைக்காரரும் ஆமாம் போட்டார். எனக்கும் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"நாளைக்கு மாமியார் வர்றாங்க. அவங்க போட்ட மோதிரம் அது. வகுப்புல களவு போயிடுச்சுன்னுதான் சொல்லணும்."



அவ்வளவுதான். எல்லார் தலையும் பின்பக்கம் திரும்பியது.

கடைசி பெஞ்சில் அக்கா இருந்தார். இந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறவர். ஃபீஸ் வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள் என்று டீச்சரே கூட்டிவந்தவர். நாங்கள் டீ குடிக்கப் போனபோது, போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டு தனியாக உள்ளே இருந்தவரும் அவர்தான்.

 

அக்கா எழுந்து தன் பையைப் பெஞ்சில் கவிழ்த்தார். ஒரு சீப்பு, ரப்பர் கையுறை, காகிதத்தில் சுற்றிய பாதி பன், மொட்டைப் பென்சில்.

"ஆபீஸ்ல தெரிஞ்சா என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க மேடம். சத்தியமா நான் தொடல."

"அந்தச் சின்ன பர்ஸையும் தொறக்கச் சொல்லுங்க" என்றார் டிரைவர்.

டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பொருளைப் பறிகொடுத்தவள் அந்தப் பர்ஸைத்தானே பார்ப்பாள்? டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை விரல்களை வலது கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

எழுந்து நின்றேன்.

"ஒரு சந்தேகம் மேடம். வீட்டுக்காரரே எடுத்துட்டுப் போனா அதுக்கு எந்த வார்த்தை?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தார்.

அழித்து முடித்த பிறகும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, பையை எடுத்து வைங்க. என்னை மன்னிச்சிருங்க. மோதிரத்தை நான் போட்டுட்டே வரல."

"என் கண்ணால பார்த்தேனே மேடம்!" டிரைவர் விடுவதாக இல்லை.

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள். அக்கா பன்னைத் திரும்பச் சுற்றப் பார்த்தார். காகிதம் கிழிந்துபோயிருந்தது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். கொஞ்சம் முன்னால் தலையைத் திருப்பிப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

நான் பார்லரில் வேலை பார்க்கிறவள். போன சனிக்கிழமை நகத்தைச் சீர்செய்துகொள்ள வந்த டீச்சரின் கைகளை வெந்நீரில் ஊறவைத்தது நான்தான். மோதிரத்தைக் கழற்றுங்கள் என்று சொல்லவேண்டிய வேலையே எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை. விரல் வெறும் விரலாகத்தான் இருந்தது.

படி இறங்கும்போது டீச்சர் என் பின்னாலேயே வந்தார். இத்தனை நாளும் வாங்க போங்க என்று பேசியவர், முதல் தடவையாக என்னை நீ என்றார்.

"அப்ப உன் வளையல் பஸ்ஸுல போகல."

படியிலேயே நின்றுவிட்டேன்.

"எங்கம்மா இன்னும் அந்தத் திருடனைச் சபிச்சுக்கிட்டுதான் இருக்காங்க மேடம்" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கே சாப்பாட்டைப் போட்டுக்கிட்டு."