நீலப் புள்ளி

மாலை வெயில் ராஜகீழ்ப்பாக்கம் பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில், ஷ்யாம்சுந்தர் தன் கையாலேயே ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கரின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஷேர் ஆட்டோ எங்கே வருகிறது என்று கைபேசியில் காட்டும் செயலிக்கான விளம்பரம் அது. அந்தச் செயலியை, வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தான். திரையில் குட்டி ஆட்டோக்கள் வழுக்கிக்கொண்டு போவதற்கு மட்டுமே மூன்று மாதம் பிடித்தது. அழகாக இருந்தால் ஜனங்கள் தானாக வந்துவிடுவார்கள் என்று நம்பினான். கம்பத்தை ஒட்டி நிற்கும் பெண் கைப்பையைத் துழாவிக் கைபேசியை எடுக்கிறாள். இரண்டடி தள்ளி நிற்கும் ஷ்யாம்சுந்தர் அவள் திரையையே பார்க்கிறான். அவள் மணி பார்த்துவிட்டு அதை உள்ளே போடுகிறாள். சாலையை எட்டிப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். "மேடவாக்கம், மேடவாக்கம்!" என்று கூவிக்கொண்டே ஆட்டோ வந்து நிற்கிறது. ஓட்டுகிறவர் மாரி. போன மாதம் அவன் முதன்முதலில் செயலியை ஏற்றிக்கொடுத்தது அவர் போனில்தான். "அண்ணா, நம்ம ஆப் ஓடுதா?" "அதுவா சார்? சார்ஜே நிக்கல, தூக்கிட்டேன். கை காட்டுனா நிறுத்தப் போறேன், அதுக்கு இன்னாத்துக்கு சார் போனு? ஏறு, முன்னாடி ஒரு சீட்டு கீது." தோளோடு தோள் இடிக்க எட்டுப் பேர் நெருக்கும் வண்டியில், ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு அவன் செயலியைத் திறக்கிறான். வெறிச்சோடிய வரைபடத்தில் அவனுடைய நீலப் புள்ளி மட்டும் செம்பாக்கம் பக்கமாக நகர்கிறது. கீழே, அவனே எழுதிவைத்த வரி: 'மன்னிக்கவும், அருகில் வண்டிகள் ஏதுமில்லை.'